பந்தய விலையும் பாமர ஜனங்களும்

2025ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 20ந் தேதி லோக்சபையும், மறுநாள் ராஜ்யசபையும், இணையத்தின் வழியே பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடுக்கும் மசோதாவை நிறைவேற்றின. 22ந் தேதி ராஷ்டிரபதியின் சம்மதமும் கிடைத்தது. இத்தகைய ஆட்டங்களை நடத்துவோருக்கு மூன்று வருஷம் வரை சிறைவாசமும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும், அவற்றை விளம்பரம் செய்வோருக்கு இரண்டு வருஷம் வரை சிறைவாசமும் ஐம்பது லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அச்சட்டம் இடந்தருகிறது. ஆடிப் பணத்தைத் தோற்றவனை அது குற்றவாளியாக வைக்கவில்லை. இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையிலே தன் பெயரைப் பொறித்திருந்த கம்பெனி, சில தினங்களுக்குள் பண ஆட்டங்களை நிறுத்திவிட்டு அந்த ஒப்பந்தத்தினின்றும் விலகிக்கொண்டது. இவையெல்லாம் நல்ல காரியங்களே. ஆயினும் சட்டம் கடையைப் பூட்டலாமேயன்றி, கடையை நாடிச் சென்ற மனத்தைப் பூட்ட அதனால் இயலாது. அந்த மனத்தில் குடிகொண்டிருக்கும் ஒரு தப்பெண்ணத்தைப் பற்றியே இன்று எழுத முன்வந்தோம்.

தருமபுரியிலும், பாலக்கோட்டிலும், பென்னாகரத்திலும், அரூரிலும் டீக்கடைப் பெஞ்சுகளில் உட்கார்ந்து பேசும் வாலிபர்களின் வாயில் "ரேட்" என்ற ஒரு சொல் அடிபடுவதை நம் நேயர்கள் கேட்டிருப்பார்கள். இன்று சென்னை அணிக்கு 60 பைசா, பம்பாய் அணிக்கு 1 ரூபாய் 40 பைசா என்று, மழை வருமா வராதா என்பதைப் போல அதைப் பேசிக்கொள்கிறார்கள். எங்கேயோ ஓர் இடத்தில், எல்லாம் தெரிந்த ஒருவன் உட்கார்ந்து, இரண்டு அணிகளின் பலாபலத்தையும் சீர்தூக்கிப் பார்த்து அந்த விலையைச் சொல்லியிருக்கிறான் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அந்த விலையை வைத்துக்கொண்டு கெட்டிக்காரனாயுள்ள ஒரு பையன் சம்பாதித்துவிடலாம் என்பது அதற்கு அடுத்த நம்பிக்கை. இரண்டும் தவறு. பந்தய விலை ஜோஸ்யமன்று. அது ஒரு சந்தை விலை. அதை உண்டாக்குவோர் இரு திறத்தார். ஆசையினால் பணம் போடும் பலர் ஒரு திறத்தார். கணக்கினால் பணம் போடும் சிலர் மற்றொரு திறத்தார். பலர் விலையைக் கோணலாக்குகிறார்கள். சிலர் அந்தக் கோணலை அறுவடை செய்கிறார்கள். நடுவே உட்கார்ந்திருப்பவன் இருவரிடமும் தரகு வாங்கிக்கொள்கிறான். இதுதான் விஷயத்தின் சாரம். இதை விளக்கிச் சொல்வது பொதுஜன ஊழியர்கள் அனைவருடைய கடமையென்று கருதுகிறோம்.

பாலக்கோட்டுத் தக்காளி மண்டியின் விலை எவ்வாறு உண்டாகிறது என்பது நம் ஜில்லாக் குடியானவர்களுக்கு நன்றாகத் தெரியும். வந்த கூடைகள் எத்தனை, வாங்க வந்த வியாபாரிகள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து ஏலம் ஏறும், இறங்கும். தக்காளியின் ருசி ஒன்றேதான். நேற்று இனித்து இன்று கசந்துவிடவில்லை. எனினும் விலை நாளுக்கு நாள் மாறுகிறது. பந்தய விலையும் அப்படியே. ஆட்டக்காரர்களின் திறமை காலையிலிருந்து மாலைக்குள் மாறிவிடுவதில்லை. ஆனால் விலை மாறுகிறது. எந்தப் பக்கம் பணம் வந்து குவிகிறதோ அந்தப் பக்கத்தின் லாபம் குறைகிறது. வராத பக்கத்தின் லாபம் கூடுகிறது. ஒரு பெரிய வித்தியாசம் மட்டும் உண்டு. தக்காளியை வாங்கியவன் குழம்பு வைத்துச் சாப்பிடலாம். பந்தயத்தை வாங்கியவனுக்குக் கிடைப்பது மற்றொருவன் இழந்த பணத்தில் ஒரு பங்கு. அதுவும் தரகு கழித்த பங்கு.

கணக்கைச் சிறிது விவரமாகவே பார்ப்போம். சமபலமுள்ள இரண்டு அணிகள் மோதுகின்றன என்று வைத்துக்கொள்வோம். நியாயமாயின், ஒரு ரூபாய் வைத்தவனுக்கு ஜெயித்தால் ஒரு ரூபாய் லாபம் தரவேண்டும். புக்கி என்று சொல்லப்படும் பந்தயத் தரகன் அப்படித் தரமாட்டான். 90 பைசாதான் தருவான். இரு பக்கமும் ஆயிரம் ஆயிரம் ரூபாய் சேர்ந்தால் அவன் கையில் 2,000 ரூபாய் இருக்கிறது. எந்த அணி ஜெயித்தாலும் அவன் திருப்பித் தரவேண்டியது 1,900. மீதி 100 ரூபாய் அவனுடையது. ஆட்டத்தைப் பார்க்கக்கூட அவனுக்கு அவசியமில்லை. இந்த விலையில் பந்தயம் வைப்பவன், நூறு தடவையில் ஐம்பது தடவை சரியாகச் சொன்னாலும் நஷ்டப்படுவான். கைப்பொருளை இழக்காமலிருப்பதற்கே அவன் ஏறக்குறைய 53 தடவை சரியாகச் சொல்லவேண்டும்.

இனி, ஜனங்களின் அபிமானம் என்ன செய்கிறதென்று பார்க்கலாம். நம் நாட்டில் சென்னை அணியின்மேல் மோகம் அதிகம். 2,000 ரூபாயில் 1,500 ரூபாய் சென்னையின்மேல் வந்து விழுகிறது. அந்த நிலையில் சென்னை ஜெயித்துவிட்டால் தரகன் 2,850 ரூபாய் கொடுக்கவேண்டும். அவனுக்கு 850 ரூபாய் நஷ்டம். ஆகையால் அவன் சென்னையின் விலையை 60 பைசாவாகக் குறைக்கிறான்; எதிரணியின் விலையை 1 ரூபாய் 40 பைசாவாக உயர்த்துகிறான். அணிகளோ இன்னும் சமபலமுள்ளவையே. இப்பொழுது சென்னையின்மேல் 100 ரூபாய் வைப்பவனுடைய கதி யாது? பாதித் தடவை 60 ரூபாய் பெறுவான். பாதித் தடவை 100 ரூபாய் இழப்பான். சராசரியில் நூற்றுக்கு 20 ரூபாய் நஷ்டம். முன்னே 90 பைசா விலையில் நூற்றுக்கு 5 ரூபாயாக இருந்த நஷ்டம், அபிமானத்தின் காரணமாக 20 ரூபாயாகிவிட்டது. எதிரணியின்மேல் வைப்பவனுக்கோ சராசரியில் நூற்றுக்கு 20 ரூபாய் லாபம். ரசிகனுடைய அன்புக்கு இவ்வாறு ஒரு வரி விதிக்கப்படுகிறது. அந்த வரியை வசூலிப்பவன் எதிர்ப்பக்கத்தில் காத்துக்கொண்டிருக்கும் தொழில் சூதாடி.

இந்தத் தொழில் சூதாடிக்கு எந்த அணியும் சொந்த அணியன்று. யார் ஜெயிப்பார்கள் என்பதுகூட அவனுடைய முதற் கேள்வியன்று. விலை சரியா, தப்பா என்பதொன்றே அவன் கேட்பது. சென்னைதான் ஜெயிக்கும் என்று அவனும் நினைக்கலாம். நினைத்தும் எதிரணியின்மேல் பணம் போடுவான், அங்கே கிடைக்கும் விலை நியாயத்துக்கு மேற்பட்டதாயின். ஜனங்கள் விலையைக் கோணலாக்கும்வரை பொறுத்திருந்து, கடைசி வேளையில் பெருந்தொகையுடன் வருவான். அவன் வந்தவுடன் 60 பைசா 75 பைசாவாக நிமிரும். பார்ப்பவர்கள், ஏதோ செய்தி கிடைத்துவிட்டது என்று எண்ணி அவனைப் பின்தொடர்வார்கள். அவர்களுக்கு மிஞ்சுவது அவன் தின்று கழித்த எச்சில் விலை. சில சமயங்களில், வேண்டுமென்றே முதலில் ஒரு சிறு தொகையைத் தப்பான பக்கத்தில் போட்டு, தரகர்களையும் பின்தொடர்வோரையும் ஏமாற்றி விலையை நகர்த்திவிட்டு, பிறகு தான் விரும்பிய பக்கத்தில் பெருந்தொகையைப் போடுவதும் உண்டு. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும் தரகர்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்காமற் போகாது. துண்டுக்கு வெளியே நிற்பவன் காண்பது துண்டு மட்டுமே.

இது கிரிக்கெட்டுடன் பிறந்த விஷயமன்று. 1777ம் வருஷத்திலேயே பந்தய மைதானம் தோன்றிய கிண்டியைச் சென்னைவாசிகள் அறிவார்கள். குதிரைப் பந்தயத்தில் புக்கியைத் தவிர "டோட்" என்ற ஓர் ஏற்பாடும் உண்டு. 1860-களில் பாரிஸ் நகரத்தில் ஜோஸப் ஓலர் என்பவர் இதைக் கண்டுபிடித்தார். எல்லோரும் போட்ட பணத்தையும் ஒன்றாகக் குவித்து, நடத்துவோருக்கும் சர்க்காருக்கும் உரிய பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை ஜெயித்த குதிரையின்மேல் கட்டியவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது இதன் முறை. உதாரணமாக, 10,000 ரூபாய் குவிந்து 2,000 ரூபாய் கழிந்தால் மீதி 8,000. ஜெயித்த குதிரையின்மேல் 5,000 ரூபாய் கட்டப்பட்டிருந்தால் 10 ரூபாய்ச் சீட்டுக்கு 16 ரூபாய் கிடைக்கும். 500 ரூபாய் மட்டுமே கட்டப்பட்டிருந்தால் 160 ரூபாய் கிடைக்கும். இங்கே விலை சொல்லத் தரகனே இல்லை. ஜனங்களே விலை, ஜனங்களின் ஆசையே தராசு. அப்படியானால் இது நியாயமான விலையாக இருக்கவேண்டுமல்லவா? இல்லை. அமெரிக்கக் குதிரைப் பந்தயங்களின் கணக்குகளை ஆராய்ந்து கிரிஃபித் என்ற மனோதத்துவ சாஸ்திரி 1949ம் வருஷத்தில் ஓர் உண்மையை வெளியிட்டார். ஜெயிக்க வழியற்ற குதிரைகளின்மேல் ஜனங்கள் அளவுக்கு மிஞ்சிப் பணம் கட்டுகிறார்கள். ஜெயிக்கக்கூடிய குதிரைகளின்மேல் வேண்டியதற்குக் குறைவாகக் கட்டுகிறார்கள். பத்து ரூபாய் ஆயிரமாகும் என்ற கனவே இதற்குக் காரணம். ஏழை எவ்வளவுக்கெவ்வளவு ஏழையோ அவ்வளவுக்கவ்வளவு அக்கனவு அவனுக்கு இனிக்கிறது. கிரிக்கெட்டில் சொந்த அணியின் மோகம். குதிரையில் ஒரே நாளில் பணக்காரனாகும் மோகம். மோகம் வேறு, விளைவு ஒன்றே.

இந்தக் கோணலை ஒரு தொழிலாகவே நடத்திக் காட்டியவர் பில் பெண்டர் என்ற அமெரிக்கர். லாஸ் வேகாஸ் நகரத்தில் சீட்டுக் கணக்கில் தேர்ந்த இவர், ஆலன் வுட்ஸ் என்ற ஆஸ்திரேலியருடன் சேர்ந்து 1980-களின் மத்தியில் ஹாங்காங் சென்றார். குதிரைகளைப் பற்றிய விவரங்களை யெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொன்றும் ஜெயிக்க எத்தனை பங்கு சாத்தியம் உண்டென்று கணக்கிட்டார். 1994ம் வருஷத்தில் தம் முறையை விவரித்து ஒரு கட்டுரையும் எழுதினார். அதிலே நாம் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. தம்முடைய கணக்கை மட்டும் அவர் நம்பவில்லை. பொதுஜனங்களின் பணத்தினால் உண்டான விலையையும் தம் கணக்குடன் கலந்தபிறகே அவருக்கு நிச்சயமான லாபம் கிட்டியது. லட்சக்கணக்கான ஜனங்கள் தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் விலையின் மூலமாக அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர் அதைத் திருத்தி அவர்களையே ஜெயித்தார். ஹாங்காங்கில் குதிரைப் பந்தயப் பணம் ஜாக்கி கிளப்பின் டோட் குவியலிலேதான் சேரும். ஆகவே அவர் எடுத்த ஒவ்வொரு டாலரும் அந்நகரத்துத் தொழிலாளியும் குமாஸ்தாவும் கடைக்காரனும் கட்டிய டாலரேயன்றி, கிளப்பின் கஜானாவிலிருந்து வந்ததன்று.

புக்கிகளாவது நடுநிலையில் நிற்கிறார்களா? இரு பக்கமும் சமமாகப் பணம் சேர்ப்பதே அவர்கள் நோக்கம் என்பது வெகுகாலமாக வழங்கிவந்த அபிப்பிராயம். 2004ம் வருஷத்தில் ஸ்டீவன் லெவிட் என்ற பொருளாதார நிபுணர், அமெரிக்கக் கால்பந்துப் பந்தயங்களில் வைக்கப்பட்ட சுமார் 20,000 பந்தயங்களை ஆராய்ந்து, அது முற்றும் உண்மையன்று என்று காட்டினார். ஜனங்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று தரகர்களுக்கு முன்கூட்டியே தெரியும். அதற்கேற்பத் தொடக்கத்திலேயே விலையைச் சற்றுக் கோணலாக வைத்து, ஜனங்களுக்கு எதிர்ப்பக்கத்தில் தாங்களே நின்றுகொள்கிறார்கள். தொழில் சூதாடிகளைக் கண்டால் மட்டுமே அவர்களுக்குப் பயம். ஆகவே மேல்நாடுகளில், தொடர்ந்து ஜெயிப்பவன் இன்னானென்று தெரிந்தவுடன் அவனுக்குப் பந்தயத் தொகையைச் சொற்பமாகக் குறைத்துவிடுகிறார்கள். அல்லது கதவைச் சாத்திவிடுகிறார்கள். வேறு சிலர், அவனிடம் சிறு தொகை வாங்கிக்கொண்டு, அவன் எந்தப் பக்கம் என்பதை அறிந்து விலையைத் திருத்திக்கொள்கிறார்கள். ஜெயிப்பவனை வெளியே தள்ளி, தோற்பவனுக்கு மட்டும் நாற்காலி போட்டு உபசரிக்கும் கடை வேறெந்த வியாபாரத்தில் உண்டு? ஒருவனுடைய பந்தயத்தை யாதொரு தடையுமின்றி அவர்கள் ஏற்றுக்கொள்வதே, அவன் தோற்பவன் என்பதற்கு அவர்கள் வழங்கும் நற்சாட்சிப் பத்திரம்.

இங்கே சட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டியது அவசியமாகிறது. அதிர்ஷ்டத்தினால் ஜெயிப்பது சூதாட்டம், திறமையினால் ஜெயிப்பது விளையாட்டு என்று நம் கோர்ட்டுகள் வெகுகாலமாகப் பாகுபாடு செய்துவந்திருக்கின்றன. 1957ம் வருஷத்துச் சமார்பாக்வாலா வழக்கிலும், ரம்மி ஆட்டத்தைப் பற்றிய 1968ம் வருஷத்துச் சத்தியநாராயணா வழக்கிலும் ஸுப்ரீம் கோர்ட்டு இவ்வழியிலே சென்றது. 1974ம் வருஷத்தில் தமிழ்நாட்டுச் சர்க்கார் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தது. இருபது வருஷங்களுக்கு மேற்பட்ட வழக்குக்குப் பின், 1996 ஜனவரி 12ந் தேதி டாக்டர் லக்ஷ்மணன் வழக்கில், குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைப் பொறுத்தது. ஆகையால் சூதாட்டமன்று என்று ஸுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2023 நவம்பரில் சென்னை ஹைகோர்ட்டு, இணையச் சூதாட்டத்தைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டத்தை நிலைநிறுத்தியபோதிலும், ரம்மியையும் போக்கரையும் அதில் சேர்த்திருந்த அட்டவணையை அதே நியாயத்தின்மேல் நீக்கிவிட்டது.

கோர்ட்டுகளின் தீர்ப்புக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆயினும் சட்டம் செய்யும் சபைகளின் முன் ஒரு கேள்வியை வைக்க விரும்புகிறோம். திறமை உண்டென்பது மெய். அதை நாமும் மறுக்கவில்லை. மேலே சொன்னதெல்லாம் அதற்குச் சாட்சியே. ஆனால் யாருடைய திறமை? நூறு பேர் கூடிய இடத்தில் இரண்டு மூன்று பேருடைய திறமை. அத்திறமை நிலத்தில் விளைச்சலைக் கூட்டுவதில்லை. தறியில் ஒரு முழம் துணி நெய்வதில்லை. மற்றவர்களுடைய அறியாமையே அதற்கு விளைநிலம். காசைச் சுண்டிப் பூவா தலையா போட்டால், பாமரனுக்கும் பண்டிதனுக்கும் சமமான சந்தர்ப்பம் உண்டு. திறமை எவ்வளவுக்கெவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்கவ்வளவு பாமரனுடைய தோல்வி நிச்சயமாகிறது. அப்படியிருக்க, திறமை இருக்கிறது என்பதை அனுமதிக்கக் காரணமாகக் கொள்வது எவ்வாறு பொருந்தும்? அது எச்சரிக்கைக்கல்லவோ காரணமாக வேண்டும்? 2015ம் வருஷத்தில் அமெரிக்காவில், தாங்களே கற்பனையாக அணி அமைத்துப் பணம் வைத்து ஆடும் பேஸ்பால் ஆட்டத்தின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். முதற்பாதிப் பருவத்தில் ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்த லாபத்தில் நூற்றுக்கு 91 பங்கு, ஆட்டக்காரர்களில் நூற்றுக்கு 1.3 பங்கினரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. இதே மாதிரி ஆட்டத்தைத்தான், கிரிக்கெட்டின் பெயரால், திறமை ஆட்டம் என்று விளம்பரம் செய்து நம் வாலிபர்களின் செல்போனுக்குள் பல வருஷகாலம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

இந்த உண்மையை அறிய நாம் அமெரிக்காவுக்கும் ஹாங்காங்குக்கும் போகவேண்டியதில்லை. நம் ஜில்லாக் கிராமங்களில் திரௌபதியம்மன் கோயில் திருவிழாவின்போது பாரதக் கூத்து நடக்கிறது. சூது துகில் நடக்கும் இராத்திரியில் குழந்தைகளும் கிழவிகளும் விடியும்வரை கண்விழித்துப் பார்க்கிறார்கள். அங்கே நடப்பது என்ன? தருமபுத்திரர் அதிர்ஷ்டமில்லாமல் தோற்றாரா? இல்லை. சூதாட்டத்தில் பிரியம் மிகுந்து, அதில் திறமை சிறிதும் இல்லாத ஓர் உத்தமர், அதையே தொழிலாகக் கற்ற சகுனியின் எதிரில் உட்கார்ந்தார். சகுனி ஆடியது திறமை ஆட்டம். தருமர் ஆடியதே அதிர்ஷ்ட ஆட்டம். இருவரும் ஒரே பலகையில் ஆடியதாகக் காண்போருக்குத் தோன்றிற்று. தோற்கத் தோற்க, அடுத்த ஆட்டத்தில் மீட்டுவிடலாம் என்று நாட்டை வைத்தார், தம்பியரை வைத்தார், தம்மை வைத்தார், மனைவியை வைத்தார். இன்று சம்பளத்தை வைத்து, வண்டியை வைத்து, தாயின் நகையை வைத்து, வட்டிக்கு வாங்கிய பணத்தையும் வைக்கும் வாலிபன் அதே பலகையின்முன்தான் உட்கார்ந்திருக்கிறான். வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியது சும்மாவா? தருமத்தின் பெயரைத் தாங்கிய ஊரிலே வாழும் நாம், தருமர் தோற்ற கதையை வருஷந்தோறும் ஆடிப் பார்த்தும் அதன் கருத்தை அறியாமலிருப்பது வெட்கக்கேடு.

சிலர் வேறொரு வாதம் சொல்லுகிறார்கள். தடுத்தால் இரகசியமாக நடக்கும். அனுமதித்துக் கட்டுப்படுத்தினால் சர்க்காருக்கு வருமானமும் ஜனங்களுக்குப் பாதுகாப்பும் உண்டு என்பது அவர்கள் கட்சி. இது அசட்டை செய்யத்தக்க வாதமன்று. 2018 ஜூலையில் சட்டக் கமிஷன் தனது 276-வது அறிக்கையில், முற்றிலும் தடுக்க இயலாவிட்டால் ஒழுங்குபடுத்துவதே வழியென்றும், அவரவர் வருமானத்துக்கேற்பப் பந்தயத் தொகைக்கு வரம்பு விதிக்கலாமென்றும் கூறியது. இரகசியச் சூதாட்டத்தில் ஏமாற்றும் மிரட்டலும் அதிகம் என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் வரம்பு விதிப்பதனால் விலையின் கோணல் நிமிர்ந்துவிடுமா? ரசிகனுடைய அபிமானத்தின்மேல் விழும் வரி நின்றுவிடுமா? அனுமதி பெற்ற தரகனும் தோற்பவனையே விரும்புவான். ஜெயிப்பவனை வெளியே தள்ளுவான். மேலே கண்ட கணக்குகளெல்லாம், பெரும்பாலும், சட்டம் அனுமதித்த நாடுகளில் நடந்த கணக்குகளே. தொழில் சூதாடி வந்து விலையைத் திருத்துகிறான், அதனால் பாமரனுக்கு நியாயமான விலை கிடைக்கிறது என்று சொல்வோரும் உண்டு. திருத்திய விலையும் தோற்கும் விலையே. 20 ரூபாய் நஷ்டம் பன்னிரண்டரை ரூபாயாகக் குறைவதை நியாயம் என்று கூற நாம் தயாராயில்லை.

மதுவிலக்கு விஷயத்திலும் இதே வாதம் எழுந்தது என்பதை இந்த ஜில்லாவாசிகளுக்கு ஞாபகப்படுத்த விரும்புகிறோம். 1937 அக்டோபர் 1ந் தேதி, ராஜாஜியின் மந்திரிசபை மதுவிலக்கை முதன்முதலாகத் தொடங்கியது சேலம் ஜில்லாவிலே. 1965 வரை தருமபுரி அந்த ஜில்லாவின் பகுதியாகவே இருந்தது. வருமானம் போய்விடுமே என்ற கூக்குரல் அன்றும் எழுந்தது. ஏழையின் வீட்டில் மிஞ்சும் பணமே தேசத்தின் மெய்யான வருமானம் என்பது அன்றைய பதில். பின்னாளில் மதுவிலக்கின் கதி எதுவாயினும், அப்பதிலின் நியாயம் குறைந்துவிடவில்லை. 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு நிறுத்தப்பட்டபோது சர்க்காருக்கு வருமானம் குறையத்தான் செய்தது. அதற்காகத் தமிழ்நாடு பாழாகிவிடவில்லை.

விளையாட்டின் கதியையும் மறந்துவிடலாகாது. விலையைச் சரியாகக் கணிப்பது கஷ்டம். ஆட்டக்காரனையே விலைக்கு வாங்கிவிட்டால் கணிக்கவேண்டிய அவசியமே இல்லை. 2000 ஏப்ரலில் டில்லிப் போலீஸார் வெளியிட்ட செய்தியினால், தென்னாப்பிரிக்க அணியின் தலைவர் ஹான்ஸி குரோன்யே புக்கிகளிடம் பணம் வாங்கியது அம்பலமாயிற்று. அவருடைய ஆட்டவாழ்வு அத்துடன் முடிந்தது. 2013ல் எழுந்த ஐ.பி.எல். பந்தய ஊழலின் விளைவாக, 2015 ஜூலையில் நியாயாதிபதி லோதா கமிட்டி சென்னை அணியையும் ராஜஸ்தான் அணியையும் இரண்டு வருஷம் விலக்கிவைத்தது. பந்தயப் பணம் பெருகப் பெருக ஆட்டத்தை விலைபேசும் துணிவும் பெருகும் என்பதற்கு இவை போதாவா? விளையாட்டின்மேல் நமக்குத் துவேஷம் கிடையாது. அடுத்த சேலம் ஜில்லாவின் சின்னப்பம்பட்டியிலிருந்து, டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகிய நடராஜன் 2020ம் வருஷத்தில் இந்திய அணியில் இடம் பெற்றபோது நம் ஜில்லாவும் மகிழ்ந்தது. அவரைப் போல ஆட முயலும் பையன் ஊருக்குப் பெருமை. அவர்மேல் பந்தயம் வைக்கும் பையன் தரகனுக்கு ஆதாயம்.

இனிச் செய்யவேண்டியது என்ன? சட்டம் இருக்கிறது, அதை அமல் நடத்துவது போலீஸாரின் பொறுப்பு. அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையனைப் பிடித்துக் கணக்குக் காட்டுவதோடு நில்லாமல், அவனிடம் பணம் வசூலித்து மேலே அனுப்பும் ஏஜெண்டையும், அவனுக்கு மேலிருப்பவனையும் பிடிக்கவேண்டும். தோற்றவன் குற்றவாளியல்லன் என்று 2025ம் வருஷத்துச் சட்டமே கருதுகிறது. அக்கருத்துப்படி அதிகாரிகள் நடந்துகொண்டால், கடனில் மூழ்கிய வாலிபர்கள் பயமின்றி முன்வந்து உண்மையைச் சொல்லுவார்கள். வெட்கத்தினால் வாய்மூடி உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் துயரமே தமிழ்நாட்டுச் சட்டத்துக்குக் காரணமாயிருந்தது என்பதை எவரும் மறக்கலாகாது. அத்தகைய பையனை ஏசாமல் அணைத்துக்கொள்வது பெற்றோர்களின் கடமை.

ஆனால் பெரும்பாரம் பொதுஜன ஊழியர்களையே சாரும். சூது பாவம் என்று உபதேசம் செய்வது போதாது. அதைக் கேட்டுக் கேட்டு வாலிபர்களின் காது புளித்துவிட்டது. சூதில் வரும் நஷ்டத்தைக் கணக்காகக் காட்டவேண்டும். 90 பைசா விலையில் 53 தடவை ஜெயிக்கவேண்டும், 60 பைசா விலையில் 63 தடவை ஜெயிக்கவேண்டும் என்ற கணக்கை, நான்காம் வகுப்புப் படித்தவனும் கரும்பலகையில் போட்டுப் பார்க்கலாம். உள்ளூர் வாசகசாலைகளிலும், வாலிபர் சங்கங்களிலும், ஓசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்த் திரும்பும் தொழிலாளர்களிடையிலும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். ஜெயித்த ஒருவனைக் காட்டி எவனாவது வாதாடினால், அவன் வைத்த பந்தயங்கள் எத்தனை, தோற்றவை எத்தனை என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் முதலிலிருந்து எழுதிக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நூறு உபதேசத்தைவிட அந்த ஒரு கூட்டல் அதிகம் பேசும்.

தன் பணம் விலையை அசைக்கிறது என்பதில் பாமரன் ஒருவகைப் பெருமை கொள்ளலாம். உண்மையே; லட்சம் பேர் சேர்ந்தால் விலை அசையத்தான் செய்யும். ஆனால் அது அவர்களுக்கு விரோதமாகவே அசைகிறது. சந்தையில் தங்களுக்கு விரோதமாக விலையை ஏற்றிக்கொள்ளும் அந்த லட்சம் பேர், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து ஆட்டத்தை மட்டும் பார்த்தால் என்ன ஆகும்? தொழில் சூதாடிகள் ஒருவரையொருவர்தான் வேட்டையாட வேண்டியிருக்கும். தரகனுக்குத் தரகு இராது. எந்தச் சட்டமும் அளிக்க இயலாத அந்தப் பலம் ஜனங்களின் கையிலேயே இருக்கிறது. அதை அவர்களுக்கு எடுத்துக்காட்டும் வேலையை நம் ஜில்லாத் தொண்டர்கள் இந்தக் கிரிக்கெட் பருவத்திலேயே தொடங்குவார்களென்று எதிர்பார்க்கிறோம்.